தவக்கால நோன்பு

பின்பனியின் குளிர் குறைந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், உலகெங்குமுள்ள கிறிஸ்தவ மக்களுள் பெரும்பாலார் நோன்பொன்றை மேற்கொள்கின்றனர். கத்தோலிக்கர் அதனைத் தவக்காலம் என்பர்; சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர்; முதியோர் வாயில் தபசுகாலம் என்னும் பழம்பெயரும் வழங்குகின்றது. இயேசு கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் கொண்டாடும் பெருநாளுக்கு உள்ளத்தை ஆயத்தஞ் செய்யுங் காலம் இஃது.

எம் கல்லூரியில் பல சமயத்தாரும் ஒருங்கிருந்து பயில்கின்றனர். வெள்ளிக்கிழமை நண்பகலில் உணவுச்சாலைக்கு வாராதிருந்த மாணவரொருவரை நோக்கி, "நீர் உண்ணாதிருப்பதனால் உம் கடவுளுக்குக் கிடைப்பது யாது?" என்று நண்பரொருவர் நகைத்து வினவினார். வினவப்பட்டவர் யாமே. ஏற்ற விடை அன்று எமக்குத் தோன்றவில்லை. அவ்வினா எம்மை விட்டு நீங்காமையின், இந்நோன்பின் பெயரும் வரலாறும் வழக்கங்களும் யாவை எனத் தேடத் தொடங்கினோம். அத்தேட்டத்திற் கிடைத்தவற்றை ஈண்டு முறைப்படுத்தித் தருகின்றோம். எம் ஊராகிய எரியோட்டில் இந்நோன்பு நோற்கப்படும் வகையினையும் உடன் கூறுவோம். நண்பருக்குரிய விடையை இறுதியிற் காண்போம்.

பெயரும் பொருளும்

லெந்து என்பது ஆங்கிலத்தினின்று வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அஃது இளவேனிலைக் குறித்தது. பகற்பொழுது நீளுங்காலம் என்பது அதன் வேர்ப்பொருள். சமயப் பொருள் அதற்குப் பின்னரே வந்தமைந்தது. இலத்தீன் மொழியிலோ இதன் பெயர் நாற்பதாவது என்னும் எண்ணுப்பெயராகவே உள்ளது. ஆக, ஒரு மொழி பருவத்தையும் மற்றொரு மொழி எண்ணையும் பெயராக்கின. தமிழ் இவ்விரண்டையும் விடுத்துச் செயலையே பெயராக்கிற்று. தவம், நோன்பு என்னும் சொற்கள் நமக்குப் புதியனவல்ல. நோற்றல் என்பது பொறுத்தல்; நோன்பு என்பது பொறுத்து நிற்றல். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குதலும் பிறவுயிர்க்குத் துன்பஞ் செய்யாமையுமே தவத்தின் வடிவம் எனத் திருவள்ளுவர் வரையறுத்தனர். திருக்குறளின் இருபத்தேழாம் அதிகாரம் தவத்தைக் கூற, அதற்கு முன்னதாகிய இருபத்தாறாம் அதிகாரம் புலால் மறுத்தலைக் கூறுகின்றது. இவ்வடைவு பொருளற்றதன்று. நாவையடக்கிய பின்னரே தவம் என்பது அதனாற் பெறப்படும்.

கத்தோலிக்கத் தமிழர் உண்ணாநோன்பினை 'ஒருசந்தி' என்றும், புலாலொழித்து உண்ணுதலைச் 'சுத்தபோசனம்' என்றும் பிரித்துக் கூறுவர். நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும் நிறைவாக உண்ணுதலே ஒருசந்தி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவார் பலர். அவை வேறு வேறு. ஊனுண்ணாது மூவேளையும் உண்பவர் சுத்தபோசனத்தவரேயன்றி ஒருசந்தியினர் ஆகார்.

நாற்பதின் கணக்கு

நாற்பது என்னும் எண் திருமறையில் மீண்டும் மீண்டும் வருவது. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் உண்ணாதிருந்தனர். எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தனர். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் நோற்றுச் சோதனையை வென்றனர்.

ஆயினும் தொடக்கத்திலேயே இந்நோன்பு நாற்பது நாள் அளவினதாக அமையவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இரேனேயு என்னும் அத்தியட்சர் எழுதிய கடிதமொன்றால், அக்காலத்தில் சிலர் ஒருநாளும், சிலர் இருநாளும், சிலர் அதனின் மிக்கும், வேறு சிலர் நாற்பது மணி நேரமும் நோற்றனர் என அறிகின்றோம். இவ்வேறுபாடு நம் ஒற்றுமையைக் குலைப்பதன்று எனும் கருத்தையும் அவர் அக்கடிதத்திலேயே குறித்துள்ளமை போற்றத்தக்கது. கி. பி. 325-இல் நீசேயா நகரிற் கூடிய சங்கத்தின் விதிகளில் நாற்பது நாட்காலம் குறிக்கப்படுகின்றது.

நாட்களை எண்ணுமிடத்து ஓர் ஐயம் எழும். சாம்பற் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னாள் வரை எண்ணினால் நாற்பத்தாறு நாட்கள் வருகின்றன. இதன் விடை எளிது. ஞாயிறுதோறும் உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சி நினைக்கப்படுதலின் அந்நாட்கள் நோன்பினின்று நீக்கப்பெறும். ஆறு ஞாயிறுகளைக் கழிக்க நாற்பது எஞ்சும். 604-இல் மறைந்த பெரிய கிரகோரியார் காலத்தில் ஆறு வாரங்களுக்கு வாரம் ஆறு நாளாக முப்பத்தாறு நாளே கணக்கிடப்பட்டது. ஓராண்டின் பத்திலொரு பங்கைக் கடவுளுக்கு அளித்தலாக அதனைக் கருதினர். பின்னரே நான்கு நாட்கள் முன்னே கூட்டப்பட்டு, நோன்பு புதன்கிழமையில் தொடங்கலாயிற்று.

ஈஸ்டர் பெருநாள் ஆண்டுதோறும் இடம் மாறுவதற்குக் காரணம் மதியே. மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுமதிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். ஆதலின் அது மார்ச்சு 22-க்கு முன்னும் வாராது. ஏப்ரல் 25-க்குப் பின்னும் வாராது. தமிழ்நாட்டார்க்கு இதனை அறிய எளிய குறியொன்றுண்டு. பழனிக்குக் காவடி செல்லும் பங்குனி உத்திரத்தை ஒட்டிவரும் முழுமதியே பல ஆண்டுகளில் ஈஸ்டருக்குரிய முழுமதியாகவும் அமைகின்றது. 2025-ஆம் ஆண்டில் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13. ஈஸ்டர் ஏப்ரல் 20. பாதயாத்திரையினரும் குருத்தோலைப் பவனியினரும் ஒரே நிலவொளியில் நடந்தனர் எனின் மிகையாகாது.

மேலைநாட்டு வழக்குகள்

இடைக்காலத்து ஐரோப்பாவில் இந்நோன்பு மிகக் கடுமையாக இருந்தது. ஊன் மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய் முதலியனவும் பலவிடங்களில் விலக்கப்பட்டன. இவ்விலக்கினின்றே இன்று நாம் காணும் வேடிக்கை வழக்குகள் பல பிறந்தன. நோன்பிற்கு முன்னாள், வீட்டிலுள்ள முட்டையும் பாலும் கெட்டுப்போகாவாறு அவற்றை மாவிற் கலந்து அப்பம் சுட்டு உண்டனர். இங்கிலாந்தில் இன்றும் அச்செவ்வாய்க்கிழமை அப்பநாளாகவே உள்ளது. கோழிகள் நோன்பறியாமல் முட்டையிட்டுக்கொண்டே இருந்தமையால், சேர்ந்த முட்டைகளை அவித்து வண்ணந்தீட்டி உயிர்த்த ஞாயிறன்று உண்டனர். இதுவே ஈஸ்டர் முட்டையின் கதை. கார்னிவல் எனப்படும் களியாட்டின் பெயரும் ஊனை விலக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரினின்று வந்தது என்பர். போர்த்துக்கீசியர் வழி அது கோவாவிலும் நிலைபெற்றது.

விதி கடுமையாகுமிடத்து விலக்கும் விலைக்கு வரும். வெண்ணெய் உண்ணுதற்கு அனுமதி வேண்டிப் பொருள் செலுத்தும் வழக்கம் சில நாடுகளில் தோன்றிற்று. பிரான்சு நாட்டு ரூவான் நகரப் பேராலயத்தின் கோபுரமொன்று இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர் பெற்று நிற்கின்றது. இத்தகைய கேட்டினைக் கண்டே சீர்திருத்தக்காரர் வெகுண்டனர். 1522-ஆம் ஆண்டு நோன்புக்காலத்தில் சூரிக் நகரத்து அச்சகம் ஒன்றில் இரவுபகலாய் உழைத்த தொழிலாளர் சிலர் இறைச்சி உண்டனர். அதனால் எழுந்த வழக்கில் சுவிங்கிலி என்னும் போதகர் அவர்கள் சார்பில் நின்று, உணவில் விலக்கு விதித்தல் திருமறையின் கட்டளையன்று எனப் பிரசங்கித்தனர். சுவிட்சர்லாந்தின் சமயச் சீர்திருத்தம் ஓர் உணவு வழக்கினின்று தொடங்கிற்று என்பது வியப்பன்றோ! உழைப்பவன் பசியைப் பற்றிய கேள்வி அதனுள் இருந்தமையையும் நாம் மறத்தலாகாது.

மதுரைச் சீமையில் நோன்பு

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் இராபர்ட் தெ நோபிலி, துறவிபோல் காவியுடுத்து, ஊனொழித்து, நாளொன்றுக்கு ஒருவேளை மரக்கறியுணவே கொண்டனர். ஐரோப்பியர்க்கு ஆண்டில் நாற்பது நாள் தவமாயிருந்தது அவர்க்கு ஆண்டு முழுதும் வாழ்வாயிற்று. ஊனுண்பாரைச் சான்றோராகக் கருதாத மக்களிடையே அந்நோன்பே அவர்க்கு முதற் பிரசங்கம் ஆயிற்று. பின்னர் வந்த வீரமாமுனிவரும் (1680-1747) இந்நெறியினையே மேற்கொண்டனர். ஈழநாட்டிலே 1705 முதல் 1742 வரை தொண்டாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் கோவா நாட்டுக் குரவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரால் தவக்காலத்திற் படிக்கப்பெற்று வந்துள்ளது. ஆண்டவர் பாடுகளைக் கேட்டுக் கண்ணீர் விடுதலும் நோன்பின் பகுதியே என்பதற்கு அந்நூல் சான்று.

சீர்திருத்தச் சபையாரின் வரலாறு வேறு வகையினது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே திண்டுக்கல்லில் அதன் நிலையம் ஏற்பட்டது. அம்மிஷனரிமார் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபினர். அம்மரபோ லெந்து முதலிய திருநாட்களைத் திருமறையில் இல்லாதன எனத் தள்ளியது. கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்க்கு 1659-இல் மசாச்சுசெட்சில் ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்த மரபது. ஆயினும் அவர்கள் நோன்பையே வெறுத்தவரல்லர். பஞ்சமோ நோயோ போரோ வந்துற்றபோது, உபவாச நாளொன்றைக் குறித்து ஊரார் அனைவரும் கூடி மனம் வருந்தி ஜெபித்தனர். மசாச்சுசெட்சில் இளவேனிற்கால உபவாச நாள் 1894 வரை அரசினராலேயே அறிவிக்கப்பட்டு வந்தது.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, ஐக்கிய சபையார் ஒன்றாயினர். அவ்வொற்றுமையின் வழியே திருச்சபை ஆண்டின் ஒழுங்கும் லெந்து நாட்களும் எங்கள் பக்கத்துச் சபைகளிலும் பொதுவாயின. முன்னோர் தள்ளியதனைப் பேரர் ஏற்றனர். ஏற்றவர், தள்ளியவர்தம் எச்சரிக்கையை மறவாதிருத்தல் நன்று என்பது எம் கருத்து.

கத்தோலிக்கத் திருச்சபையும் 1966-இல் ஆறாம் பவுல் பாப்பரசரின் ஆணையால் விதிகளைத் தளர்த்திற்று. இன்று ஒருசந்தி கட்டாயமாக உள்ள நாட்கள் சாம்பற் புதனும் பெரிய வெள்ளியுமே. பதினெட்டு வயது நிறைந்தோர்க்கு அறுபதாம் வயது தொடங்கும்வரை அது கடமை, நோயாளர்க்கு விலக்குண்டு. எனவே இக்காலத்து நோன்பின் பெரும்பகுதி ஒருவர் தாமே விரும்பி ஏற்பதாகும். இது நோன்பை எளிதாக்கிற்று என்பார் உளர். அரிதாக்கிற்று என்பேம் யாம். ஏவலுக்கு உண்ணாதிருத்தலினும் தானே உணர்ந்து உண்ணாதிருத்தல் அரிதன்றோ!

எரியோட்டில் தவக்காலம்

எரியோடு, வேடசந்தூர் வட்டத்தில், திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளதொரு பேரூர். அதன் பெயரைக் கேட்போர், "எரியோடு கூடிய ஊரோ?" என நகைப்பர், பங்குனி வெயிலில் வந்து காண்பார்க்கு அந்நகை வரிக்கமாட்டாது. மழையை நம்பிய வானம்பார்த்த நிலங்களும், முருங்கைத் தோட்டங்களும், நூலாலைகளும் சூழ்ந்த சமவெளி அது. நோன்புக்காலம் வரும்போது கிணறுகளில் நீர் கீழிறங்கத் தொடங்கியிருக்கும்.

எம் குடும்பத்தில் இரு மரபுகளும் கலந்துள்ளன. எம் தந்தையார் வழியினர் சீர்திருத்தச் சபையினர். ஆனால் எம் அப்பத்தா கத்தோலிக்கக் குடியிற் பிறந்து இவ்வீட்டிற்கு வாழவந்தவர். ஆதலின் எம் இல்லத்தில் நோன்பிற்கு இரு பெயர், இரு கணக்கு, இரு சமையல்.

சாம்பற் புதனை விபூதிப் புதன் என்றே அப்பத்தா கூறுவார். முந்தின ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் குருவானவர் நெற்றியிற் பூசி, மனிதன் மண்ணினின்று வந்தமையையும் மண்ணுக்கே திரும்புதலையும் நினைவூட்டுவர். வெற்றிப் பவனியிற் பிடித்த ஓலையே ஆண்டு கழிந்தபின் சாம்பலாகி நெற்றிக்கு வருதல் எத்துணை ஆழ்ந்த பாடம்! அந்நாள் முதல் வீட்டில் ஊனுணவு நீங்கும். வெள்ளிதோறும் அப்பத்தா நண்பகலில் ஒருவேளை மட்டும் உண்பார். காலையில் நீராகாரம், இரவில் சிறிது கஞ்சி. எங்கள் தந்தையாரோ ஊன் விலக்குவதில் உறுதியுடையவரல்லர். அதற்கு ஈடாகக் காப்பியை விடுத்து, அதற்குரிய காசை லெந்துக் காணிக்கை உறையில் இடுவார். கருவாடு புலாலா அன்றா என்பது குறித்து ஆண்டுதோறும் இவ்விருவர்க்கும் வழக்கு நிகழும். கத்தோலிக்க விதி மீனை விலக்கவில்லை. ஆகவே கருவாட்டுக் குழம்பு குற்றமன்று என்பது அப்பத்தாவின் வாதம். அத்துணைச் சுவையாக உண்பது நோன்பாகுமா என்பது தந்தையார் வினா. வழக்கு முடியுமுன் குழம்பு முடிந்துவிடும்.

மாலைவேளைகளில் சபையார் வீடுதோறும் கூடி ஜெபிப்பர். நூலாலையில் இரவு முறை வேலைக்குச் செல்லும் பெண்டிர், வேலைக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் வந்து அமர்ந்து, பாட்டொன்று பாடிச் செல்வர். கத்தோலிக்க ஆலயங்களில் வெள்ளிதோறும் சிலுவைப் பாதை நடைபெறும்; பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு ஆண்டவர் பாடுகளைத் தியானிப்பர். திண்டுக்கல்லைச் சூழ்ந்த கத்தோலிக்க ஊர்கள் சிலவற்றில் பாஸ்கா எனப்படும் திருப்பாடுகளின் நாடகம் இரவு முழுதும் நடிக்கப்பெறும். உழவரும் தொழிலாளருமே ஆங்கு பிலாத்துவாகவும் பேதுருவாகவும் வேடம் புனைவர்.

குருத்தோலை ஞாயிறன்று சிறார்க்குக் கொண்டாட்டம். தென்னங்குருத்தையும் பனங்குருத்தையும் கிழித்துச் சிலுவையாகவும் கிளியாகவும் முடைவர். பெரிய வியாழனன்று இறுதி இராப்போசன ஆராதனை. பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு மொழிகளைப் பற்றிய மும்மணி ஆராதனை. ஏப்ரல் வெயிலில், நீரும் அருந்தாது, ஓட்டுக்கூரையின் கீழ் மூன்று மணி நேரம் இருத்தல் எளிதன்று. முடிந்தபின் ஆலய முற்றத்தில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இட்டுக் காய்ச்சிய கஞ்சியைத் தேங்காய்த் துவையலுடன் வழங்குவர். செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நின்று அக்கஞ்சியைப் பெறுவர். அதன் சுவைக்கு நிகரான சுவையை யாம் வேறெங்கும் கண்டிலேம். பசியே அதன் உப்பு.

உயிர்த்த ஞாயிறன்று விடியுமுன்னரே மணி ஒலிக்கும். இருளிற் சென்று ஒளியில் திரும்புவோம். அன்று நண்பகலில் சீரகச் சம்பா அரிசியிற் சமைத்த பிரியாணியின் மணம் தெருவெல்லாம் கமழும். திண்டுக்கல் சீமையில் அஃதில்லாத பெருநாள் பெருநாளாகாது. அண்டை வீட்டார்க்கு அனுப்பிய பின்னரே நாங்கள் உண்போம்.

அயலார் நோன்புகள்

நோன்பு எங்களுக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா பெரும்பாலும் இந்நாட்களிலேயே வரும். காப்புக் கட்டியவர் ஊனொழித்து, மஞ்சளாடை உடுத்து, பூக்குழி இறங்குமளவும் விரதங் காப்பர். 2025-இல் இந்தியாவில் ரமலான் நோன்பு மார்ச்சு 2-ஆம் நாளும், சாம்பற் புதன் மார்ச்சு 5-ஆம் நாளும் தொடங்கின. அவ்வாண்டு எம் அண்டை வீட்டு முஸ்லிம் தாயார் மாலைதோறும் பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியில் ஒரு தூக்கு அப்பத்தாவுக்கு அனுப்பினார். பெரிய வெள்ளிக் கஞ்சி அத்தூக்கிலேயே திரும்பிச் சென்றது.

இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்னும் மூவரும் தத்தம் விரதத்திற்கு நோன்பு என்னும் ஒரே தமிழ்ச்சொல்லை வழங்குகின்றனர். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவரும் இதனை ஐம்பது நோம்பு என்றே அழைக்கின்றனர். மார்கழியில் நெய்யும் பாலும் நீக்கி வைகறை நீராடும் பாவை நோன்பினையும், மானங்காக்க வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனையும் பயின்ற தமிழ் மாணவர்க்கு நாற்பது நாள் நோன்பு அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றாது.

எனினும் ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. நோன்பு நாளில் எண்ணெய் முழுக்கு ஆகாது என்பது நம் நாட்டு வழக்கம். இயேசுவோ தம் மலைப்பிரசங்கத்தில், நோற்பவர் தலைக்கு எண்ணெயிட்டு முகங்கழுவி, தாம் நோற்பதைப் பிறர் அறியாவண்ணம் இருக்கவேண்டும் எனக் கற்பித்தனர். வாடிய முகத்தைக் காட்டிப் புகழ் பெறுவார் அப்புகழோடு நின்றுவிடுவர் என்பது அவர் கருத்து. இது கூறுகையில் எம் பிழையொன்றை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

பிழையும் பாடமும்

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், தவக்கால வெள்ளிதோறும் நண்பகல் உணவை விடுப்பதென யாம் உறுதி பூண்டோம். அதனை அறையில் உள்ளார்க்கும், அடுத்த அறையில் உள்ளார்க்கும், கேளாதார்க்கும் அறிவித்தோம். முகமும் ஏற்றவாறு வாடிற்று. எம் விடுதித் தோழர் ஒருவர் எம்மினும் மிகுதியாக நோற்றனர். வெள்ளி மட்டுமன்றி வேறு நாட்களிலும் இரவில் உணவுச்சாலைக்கு வாரார். வினவினால், "நோன்பு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்தம் உறுதியைக் கண்டு வியந்து, பிறரிடமும் புகழ்ந்தோம்.

நோன்பின் நடுவே ஊர் சென்றிருந்தபோது இவற்றையெல்லாம் அப்பத்தாவிடம் பெருமையோடு கூறினோம். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சற்று நேரங் கேட்டிருந்து, "ஏய்யா, நீ சாப்பிடாத சோறு யாருக்குப் போச்சு?" என்றார்.

எமக்கு விடையில்லை. அது வெந்தபின் யாருக்கும் போகவில்லை. எஞ்சிக் குப்பைக்கே சென்றது. அப்பத்தா அடுக்களை மூலையிலிருந்த சிறு பானையொன்றைக் காட்டினார். வெள்ளிதோறும் தாம் உண்ணாத வேளைக்குரிய அரிசியை உலையிலிடாது அப்பானையில் இட்டு வந்துள்ளார். நோன்பு முடிவில் அது துணையற்ற மூதாட்டி ஒருவர் வீட்டிற்குச் செல்லும் என்று அன்றுதான் அறிந்தோம். நாள்தோறும் சோறாக்குமுன் ஒருபிடி அரிசியைக் கோயிலுக்கென எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கத்தை நம் சபைகளில் பலரும் அறிவர். அதனையே அவர் நோன்போடு இணைத்திருந்தார். "நம்ம முன்னோருக்குப் பசி தானா வந்துச்சு, யாரும் அதுக்கு நோன்புன்னு பேர் வைக்கல" என்று கூறி, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றித் தம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்த கதைகளை எடுத்துரைத்தார். உண்ண இருந்தும் உண்ணாமை ஒன்று. உண்ண இல்லாமை மற்றொன்று. முன்னது பின்னதனை நினையாதாயின் அது வீண் என்பதே அவர் மொழியின் கருத்து.

விடுதிக்கு மீண்டதும் அத்தோழரைத் தனியே கண்டு பேசினோம். நெடுநேரம் மறுத்த பின்னர் உண்மையைக் கூறினர். வீட்டிலிருந்து பணம் வாராமையால், உணவுக் கட்டணத்தைக் குறைக்கவேண்டி இரவுணவை நிறுத்தியிருந்தனர். யாம் நோன்பெனப் புகழ்ந்தது பசி. அவர் நகைத்தது எம் அறியாமையை எண்ணியோ, தம் நிலையை மறைக்கவோ, யாம் கேட்கத் துணிந்திலேம். அன்று எமக்குண்டான நாணத்தை எழுத்தில் அடக்குதல் இயலாது.

மறு ஆண்டு, விடுதியில் எண்மர் சேர்ந்து, வெள்ளி நண்பகலில் உண்ணாமையை முன்கூட்டியே சமையற்காரருக்குத் தெரிவித்தோம். குறைந்த செலவுக்குரிய தொகையை ஒருவரிடஞ் சேர்த்தோம். நாற்பது நாளில் திரண்டது பெருந்தொகையன்று. ஆயினும் ஒருவரது இரண்டு திங்கள் இரவுணவுக்கு அது போதியதாயிற்று. பெறுபவர் யாரெனக் கொடுத்தவர் அனைவரும் அறியார். எண்மருள் இருவர் இந்துக்கள்; ஒருவர் முஸ்லிம்.

ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில், ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில், கடவுள் விரும்பும் நோன்பு எது எனும் வினா எழுகின்றது. தலை குனிந்து சாம்பலில் இருத்தல் அன்று, கட்டுண்டாரை விடுவித்தலும் பசித்தார்க்கு உணவு பகிர்தலுமே அது என்பது ஆங்குக் கூறப்படும் விடை. அப்பத்தா எழுத்தறியார், அவ்வதிகாரத்தை அவர் படித்ததில்லை. அவர் பானை அதனைப் படித்திருந்தது.

இனி நண்பரது வினாவிற்கு வருவோம். உண்ணாதிருப்பதனால் கடவுளுக்குக் கிடைப்பது யாது? ஒன்றுமில்லை. அவருக்குப் பசியுமில்லை, குறையுமில்லை. நோன்பினால் நமக்குக் கிடைப்பது, பசி இன்னதென அறியும் அறிவு; பிறர்க்குக் கிடைப்பது, அவ்வறிவினால் நம் கையினின்று செல்லும் ஒருபிடி அரிசி. இவ்விரண்டும் நிகழ்ந்தவிடத்து நோன்பு நிறைவுறும். நிகழாதவிடத்து அது வெறும் பட்டினியே. தவக்காலம் மீண்டும் வரும்போது, நண்பர்காள், உணவுச்சாலைக்கு வாராதவரைக் கண்டால் நகையாதீர், புகழவும் செய்யாதீர், முதற்கண் அவர் உண்டனரா என்று கேண்மின்.